சராசரி

எண்ணும் மெஷின் நின்று மூன்று நாள்.
மல்லாவி ஆஸ்பத்திரியில்
கண்ணாடிக் கட்டங்களுக்குள் குனிந்து
ஒன்பதாம் கட்டில் பொடியனின் குருதித்தட்டுக்களை
கையால் எண்ணுகிறேன்.
முப்பத்தோராயிரம்.
நம்பாமல் திரும்ப எண்ண, இருபத்தாறு.

டெங்கு, ஐந்தாம் நாள்.
"இண்டைக்கு அவனுக்குச் சந்திராஷ்டமம்.
அடுத்த ரத்தம் ஓரை பாத்து எடுக்கேலாதோ, தங்கச்சி?"
ஜன்னலுக்கு வெளியே தகப்பன் கேதாரலிங்கம்,
விரல்களில் உழவு மெஷின் கிறீஸ்.
ஓரை கிரேக்கச் சொல்லென்று
நான் சொல்லவில்லை.

அந்த நாட்டு வைத்தியன் ஒருவனிடம் இரண்டு மாதங்கள் இருந்தன:
நிலவு வானைச் சுற்றிவர ஒன்று,
நிலவு கண்ணுக்குத் தெரிகிற நாட்கள் ஒன்று.
கூட்டிப் பாதியாக்கினான்.
நாலாய்ப் பிரித்தான். அவனது மூன்று கிழமை
இருபது நாளில் முடிந்தது.
இருபதாம் நாள் காய்ச்சல் தீர்ப்புச் சொல்லும் என்றான்.
அவன் கணக்கின் நிலவு எந்த வானிலும் ஏறியதில்லை.
ஆனாலும் எத்தனை நூற்றாண்டு,
எத்தனை கட்டிலடியில்
அதை எண்ணிக்கொண்டு விழித்திருந்தார்கள்.

நானும் கூட்டிப் பாதியாக்குகிறேன்.
இருபத்தெட்டரை.
அரையை விட்டு,
பொடியனின் ரத்தத்தில் நான் காணாத எண்ணை எழுதிக்
கையெழுத்து வைக்கிறேன்.
இதைப் பார்த்துத்தான் டொக்டர் சேலைன் அளப்பார்.

"எத்தினையாம்?"

இருபத்தெட்டு என்றேன்,
சந்திரன் நிற்குமிடத்தை
அவர் சொன்ன அதே குரலில்.