இடப்பக்கம் ஒடிக்கும்போது

மூன்று அங்குலம் தூக்கிக் கொடுத்தேன்.
நான்காம் நாள் திரும்ப வந்து நின்றான் முசல்லம்.
இன்ஜினை அணைக்காமலே கண்ணாடியை இறக்கி
நாக்கை மேலண்ணத்தில் அடித்துக் காட்டினான்:
டக்.

இடப்பக்கம் ஒடித்தால் மட்டும்,
அதுவும் வண்டி நிற்கும்போது.
பெட்ரோல் பங்கில் டக்.
மஜ்லிஸ் வாசலில் டக்.
மாமனார் ஏறி உட்கார்ந்த அன்றைக்கு
இரண்டு டக்.
ஹைலக்ஸ் வாங்கி எட்டே மாதம் என்றான்,
பிள்ளைக்கு வயது சொல்வதுபோல.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து அர்பாப்
என்னைப் பார்த்தார்.
வண்டியைப் பார்க்கவில்லை.

அல் ஐன் சனையாவில் மதியம் மூன்று மணிக்கு
ஸ்பேனரை வெறுங்கையால் எடுக்க முடியாது.
ரொக்கோனை ஸ்டீயரிங்கில் உட்கார்த்திவிட்டு
அட்டையை விரித்து அடியில் போனேன்.
ஒடி.
விடு.
மறுபடி ஒடி.
டாக்காக்காரனுக்குத் தெரிந்த தமிழ் இவ்வளவுதான்.
இந்த வேலைக்கு இவ்வளவு போதும்.

இரும்பில் சத்தம்
ஒரு இடத்தில் பிறந்து வேறொரு இடத்தில் பேசும்.
காதை நம்பி முன்பு ஒரு பிராடோவுக்கு
ரேக்கையே மாற்றினேன்.
கடைசியில் அது பிரேக் ஹோஸின் கிளிப்.
ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்தார் அர்பாப்.
அதிலிருந்து நான் கேட்பதில்லை,
கை வைத்துப் பார்க்கிறேன்.

டை ராடு எண்ட். ஒடி. ஒன்றுமில்லை.
பால் ஜாயிண்ட். பூட் கிழியவில்லை,
கோணம் மட்டும் கொஞ்சம் கோணல்,
தூக்கிய வண்டியில் அப்படித்தான் இருக்கும்.
ஸ்டீயரிங் ஷாஃப்ட் எங்கேயும் உரசவில்லை.
ரேக் புஷ், வாய் திறக்கவில்லை.
வேர்வை காதுக்குள் இறங்கியது.
முசல்லத்தின் வெள்ளைச் செருப்பு
டயருக்குப் பக்கத்தில்
முன்னும் பின்னும் நடந்தது.

கீழ் ஆர்மின் பின் போல்ட்டில் விரலை வைத்தேன்.
ஒடி.
விரலுக்கடியில் நகர்ந்தது,
ஒரு அரிசி அளவு.
பிறகுதான் காதுக்கு வந்தது, டக்.

கேம் போல்ட்.
அலைன்மெண்ட் கடை யூசுப்பின் தலையில் கட்டிவிடலாம்,
கடைசியாய் வண்டி அவனிடம்தான் போனது.
ஆனால் அவன் சீட்டில் டோ மட்டும்தான் இருக்கிறது.
போல்ட்டின் மேல் இருப்பதோ
என் வெள்ளைக் கோடு.
இறுக்கி முடித்ததும் நான் போடுகிற கோடு.

ரப்பர் புஷ் இருக்கிற ஆர்மை
அந்தரத்தில் தொங்கவிட்டு இறுக்கக் கூடாது.
நாலு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும்,
வண்டி தன் எடையில் தானே உட்கார வேண்டும்,
கடைசி முறுக்கு அதற்குப் பிறகுதான்.
தெரியாதா எனக்கு?
இதற்காக ரொக்கோனைத் திட்டியே இருக்கிறேன்.
வியாழன் சாயங்காலம், மணலுக்குப் போகும் அவசரத்தில்
இவன் ஆறு தடவை ஹார்ன் அடித்தான்.
லிஃப்டை இறக்குவதற்கு முன்னாலேயே
கோட்டைப் போட்டுவிட்டேன்.

இறக்கினோம்.
குல் ஸரீனைக் கூப்பிட்டு
பம்பரில் ஏறிக் குதிக்கச் சொன்னேன்.
நூற்றுப்பத்து கிலோ பட்டாணியன், சந்தோஷமாய்க் குதித்தான்.
வண்டி இரண்டு மூச்சு விட்டு அடங்கியது.
டார்க் ரெஞ்சைப் போட்டு இழுத்தேன்.
டக்.
இது நல்ல டக்.
வலப்பக்கத்தையும், கேட்காமலே.

"என்ன?" என்றார் அர்பாப்.
"போல்ட்."
"யார் போட்டது?"
"நான்தான்."
நோட்டில் ஏதோ எழுதினார்.
தலைகீழாகப் படிக்க எனக்கு அரபி வராது,
நேராகவும்.

முசல்லம் முற்றத்தில்
இடப்பக்கமாகவே வட்டம் போட்டான்,
ஏழெட்டு முறை நிறுத்தி நிறுத்தி ஒடித்தான்,
தொலைந்த சாமானைத் தேடுகிறவன் போல.
பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான்:
இப்போ வேற ஒண்ணு கேக்குது.

ஜன்னலில் தலையைக் குனிந்தேன்.
ஏ.சி. ஃபேன்.
அது வாங்கின நாளிலிருந்தே இருக்கும் என்றேன்.
அவன் நம்பவில்லை.
ரேடியோவை அணைத்தான்,
தலையைச் சாய்த்து
கேட்டுக்கொண்டே இருந்தான்.