பிரைமர்

குறும்பனைக் கோயில் திருவிழாவுக்கு
முதல் வெடி போட்டார்கள்.
சுவரில் கட்டிய சாரத்தின் மேல் நின்றவன்
எப்போது இறங்கினேன், தெரியாது.
மண்ணில் குப்புறக் கிடந்தேன்.
இடுப்பில் கட்டிய சாரம் நனைந்திருந்தது.

பயம் ஒரு நொடிதான், வெடிப்புகையோடு போய்விட்டது.
போகாதது மற்றது.
பிரைமர் வாளியை இழுத்து
மடியில் கவிழ்த்துக்கொண்டேன்.
முழங்கால்வரை வெள்ளை.

ரசலையன் பார்த்தான்.
பார்த்ததை விழுங்கிவிட்டு
காண்ட்ராக்டரிடம் சொன்னான்:
"வாளிய நாந்தான் தட்டிட்டேன்,
எங்கூலில பிடிச்சுக்கிடும்."
பிறகு எனக்குக் கருப்பட்டிக் காப்பி வாங்கிவந்தான்.
அவன் சிரித்திருந்தால்
அதைக் குடித்திருப்பேன்.

பழவிளை முகாமில், இரவு,
வசந்தி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கிறாள்.
"என்னெண்டு ஊத்துப்பட்டது?"
"வாளி சரிஞ்சு போச்சு."

என் கதையில் எல்லாமே சரிந்துதான் போகும்.
கடலேரியில், கழுத்தளவு தண்ணீரில்,
தங்கச்சியின் கை
சரிந்து போனது என்றுதான்
மண்டபத்தில் எழுதிக் கொடுத்தேன்.
விட்டேன் என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை;
இருந்திருந்தாலும்.

சுகிர்தா "அண்ணா" என்று கூப்பிடவில்லை.
அத்தனை அண்ணாக்கள் தண்ணீரில்.
தவேந்திரன், என்றாள்,
வாத்தியார் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி
முழுப்பெயர்.
இரண்டு தரம்.

மாதத்தில் இருமுறை கணக்கெடுப்பு.
ஆர்.ஐ. மேசையில் பேரேடு விரியும்.
சொல்கிறார்கள் முகாமில்,
தவேந்திரன் மட்டும் ஏனோ
பெயர் முடியுமுன்னே கத்துகிறான் என்று.

இரண்டாம் தரம் கூப்பிட
ஒருநாளும் விட்டதில்லை.