சொன்னபடி

ஜன்னல் சீட்டுக்குத்தான் சண்டை.
மேலச்செவலில் ஒருமுறை சொன்னேன்,
பத்தமடையில் இன்னொருமுறை:
இனி ஒரு சத்தம் வந்தா எறங்கிருவேன்.

வந்தது.

ஒரு முழு டிக்கெட், ரெண்டு அரை,
எல்லாம் அம்பாசமுத்திரம் வரைக்கும்.
கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து
"ஏக்கா, இங்க நெழலே கெடையாதே" என்றார்.
அது எனக்கும் தெரிந்தது.

புழுதி அடங்க ரொம்ப நேரம் ஆனது.
பேர்ப்பலகை சாய்ந்த ஒரு விளக்கு,
மைல்கல், எருமை,
பட்டுச்சேலையில் நான்.
அங்கே இந்நேரம்
மறுவீட்டுச் சொதிக்கு இலை போட்டிருப்பார்கள்.

செண்பகா அழவில்லை.
போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பவள்போல
என் முகத்தையே பார்த்தாள்.
கைலாஷ்தான் கேட்டான்:
"நெசமாவே எறங்கிட்டமாம்மா?"

ஆமாடா.
கோபம் பஸ்ஸோடவே போய்விட்டது.
சொல் மட்டும் என்னோடு இறங்கி
வெயிலில் நின்றது, முக்கால் மணி நேரம்.
கல்யாண வீட்டுக்கென்று வாங்கிய அல்வாவைப் பிரித்தோம்.
வேறென்ன செய்ய.

போய்ச் சேர்ந்தபோது
வாளியடியில் கொஞ்சம் சொதி இருந்தது,
இஞ்சித் துவையல் இல்லை.

திரும்புகையில்
கல்லிடைக்குறிச்சிப் பாலம் வரும் முன்னே
செண்பகா முந்தானையை இழுத்தாள்.
"ஆத்துல குளிக்க வைக்கேன்னு சொன்னீங்கல்லா,
சித்திரையில."

இது ஆவணி.
மணி ஐந்தரை. மாற்றுத்துணி இல்லை.
சேலை வேறு அண்ணன் எடுத்துக் கொடுத்தது.

எழுந்தேன்.
அதே கண்டக்டர்.
நான் வாய் திறக்கும் முன்
விசிலைத் தேட ஆரம்பித்தார்.