முதலில் உன் சன்னலைப் பார்

ப்ரீடு,
கண்காட்சியிலிருந்து பதினொன்றை
பின்னிருக்கையில் ஏற்றி, சீட் பெல்ட் மாட்டி
நீ கூட்டி வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும்.
மார்ச் மாதம். தார்த்துவின் ஆற்றில் இன்னும் பனிக்கட்டி.
உன் முகத்தில் மட்டும் கோடை.
அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது?

ஒன்பது போய்விட்டன.
டிப்போவில் காபி ஆறுவதற்குள்
எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதுபோல்
எண்ணிக் காட்டுகிறாய்.

சரி, கேள்.
செடி வாங்குமுன்
ஒரு ஞாயிறு முழுக்கச் சும்மா உட்கார்ந்து
உன் சன்னலைப் பார்.
வெயில் எப்போது வருகிறது,
எதிர்வீட்டுப் புகைபோக்கி எத்தனை மணிக்கு அதைத் தின்கிறது.
கையை நீட்டு. சுவரில் விழும் நிழலின் விளிம்பு
கத்திபோல் இருந்தால் அந்த வெளிச்சம் வேறு செடிக்கு.
நனைந்த காகிதம்போல் கரைந்திருந்தால்
பட்டாம்பூச்சி ஆர்க்கிட் அங்கே குடியிருக்கும்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்;
சன்னலுக்குத் தகுந்த செடி.

ஒன்றே ஒன்று வாங்கு.
பூ உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
தொட்டியைத் தூக்கி வேரைப் பார்.
சாம்பல் வெள்ளி என்றால் தாகம்.
பச்சை என்றால் குடித்திருக்கிறது.
பழுப்பாகி, அழுத்தினால் சாறு கசிந்தால்
வைத்துவிட்டு வா.
தள்ளுபடியின் மஞ்சள் அட்டையைக் கண்டு இரங்காதே.
வாடியதைக் காப்பாற்றப் போகிறேன் என்று தொடங்குகிறவர்
ஆஸ்பத்திரிதான் கட்டுகிறார்.

தண்ணீர்.
இதைச் சொல்லத்தான் தயங்கினேன்.
ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு குவளை ஊற்றினாயே,
மரக்கிளையில் தொற்றி
காற்றில் வேரைத் தொங்கவிட்டு
மழைக்கும் மழைக்கும் நடுவே காய்ந்து வாழ்ந்த இனத்துக்கு
நீ கிணறு வெட்டிக் கொடுத்தாய்.
அன்பு என்று நாம் சொல்வதில் பாதி
கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதுதான்.

முதல் செடி உன் வீட்டில் மறுபடி பூக்கட்டும்.
அதன்பிறகு இரண்டாவது,
அது வேறு மாதத்தில் பூப்பதாக இருக்கட்டும்.
சுவரை நிரப்பப் பணம் போதும்.
நீ ஆண்டை நிரப்பப் பார்:
வெளிச்சமே இல்லாத நம் டிசம்பருக்கு ஒன்று கட்டாயம்.
புதிதாய் வந்ததை இரண்டு வாரம் குளியலறையில் தனியே வை.
மாவுப்பூச்சி டிக்கெட் எடுத்து ஏறுவதில்லை.
எவனாவது கார் டிக்கியைத் திறந்து
காட்டிலிருந்து பெயர்த்ததைக் காட்டினால்
கதவைச் சாத்திவிட்டு நட.
சாரேமா தீவில் ஜூன் மாதம் பொற்காலணிப் பூ நிற்கும்,
அதற்கு முழங்கால் போட்டால் போதும்,
மண்வெட்டி வேண்டாம்.

பெயரைப் பார்த்து வாங்காதே என்றும் சொல்லலாம்.
சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.
‘நள்ளிரவு’ என்று எழுதிய அட்டைக்காக ஒன்றை வாங்கி
ஆறு ஆண்டு கறுப்புக்குக் காத்திருந்தேன்.
போன செவ்வாய் திறந்தது.
வெள்ளை. எந்தக் கடையிலும் கிடைக்கும் வெள்ளை.
அரைமணி நேரம் கோபித்துக்கொண்டு
சட்டைகளை இஸ்திரி போட்டேன்.
பிறகு நாற்காலியை அதன் பக்கம் இழுத்துக்கொண்டேன்.
அட்டையை இன்னும் எடுக்கவில்லை.

மிச்சம் இரண்டில்
சமையலறையில் இருப்பதை நம்பாதே.
மூன்றாம் மாடிப் படிக்கட்டுச் சன்னலில்
நீ மறந்துபோய் வைத்திருக்கிறாயே, அது.
லூலே அதன்மேல் கோட்டைக் கழற்றிப் போடுகிறாள்,
பூனை உரசுகிறது, ஒருவரும் நீர் ஊற்றவில்லை.
நேற்று உன் சாவியைத் தர வந்தபோது பார்த்தேன்,
இலைக்கடியில் பச்சையாய் ஒரு நுனி.
உருண்டு வந்தால் வேர்.
குழந்தையின் கையுறைபோல் மடிந்து வந்தால்
வேறொன்று.

எது என்று நான் சொல்லப்போவதில்லை.
மூன்று வாரம்.
குவளையைக் கீழே வை.