பெண்கள்: 14

ரோஸ்காமன் மாவட்ட நூலகத்தில்
அந்தப் பேரேட்டைத் தொட வேண்டுமானால்
பேனாவை வாசலில் கொடுத்துவிட வேண்டும்.
1847, பிப்ரவரி, மூன்றாம் வாரம்.
ஏழைகள் விடுதியில் இறந்தோர்:
ஆண்கள் 9. பெண்கள் 14. குழந்தைகள் 31.
அடுத்த வரியில் மக்காச்சோள மாவின் விலை.
அது மட்டும் அரைப் பென்னி பிசகாமல்.

எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.
நாவலின் நான்காம் அத்தியாயத்தில்
ஒருத்தி மூன்று மாதமாகப் பனியில் நடந்துகொண்டிருந்தாள்,
பெயரில்லாததால்
யாராலும் கூப்பிட்டு நிறுத்த முடியவில்லை.

டப்ளினுக்குப் போய்க் கேட்டேன்.
அந்தக் காலத்துக் குடிக்கணக்கெல்லாம்
இருபத்திரண்டாம் வருஷச் சண்டையில் எரிந்துபோச்சு என்றார்
காப்பகத்து ஃபின்பார் மல்வி,
நேற்று அடுப்பை அணைக்க மறந்தவர் குரலில்.
அன்றைக்குக் கருகிய தாள்கள் கடல்வரை பறந்தனவாம்.
யார் வீட்டுக் கொடியிலோ காய்ந்த சட்டைமேல்
ஒரு ஊரின் ஞானஸ்நானப் பட்டியல் வந்து உட்கார்ந்திருக்கும்.
உதறிவிட்டுச் சட்டையை மடித்து
உள்ளே போயிருப்பார்கள்.
நானாக இருந்தாலும் அப்படித்தான்.

இந்த நாட்டில் எழுத உட்காருகிறவர்களுக்குத்
தாள் வெள்ளையாக வருவதில்லை.

பெயர் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது.
ஓனா டிவான்.
எங்கிருந்து என்பதைப் பிறகு சொல்கிறேன்.
கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாள்.
அதற்கப்புறம் எல்லாம் சுலபம்:
இரண்டு கைகளிலும் பிள்ளை இருந்ததால்
கஞ்சிச் சீட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு
விடுதி வாசல்வரை வந்தாள்.
கடைசியாகச் சொன்னதை ஐரிஷில்தான் சொல்லியிருப்பாள்.
எனக்கு அந்த மொழி
பள்ளிக்கூடத்தில் பாஸ் மார்க் அளவுக்கு.
ஆங்கிலத்தில் சாகவைத்தேன்.

புத்தகம் ஓடியது. பாடத்திட்டத்தில் ஏறியது.
'ஓனா டிவானின் மௌனம் பெரும்பசியின் மௌனமா?
விளக்குக. இருபது மதிப்பெண்.'
பதில் தெரியாது என்று
ஸ்லைகோவிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தாள்.
நானும் அதையே எழுதி அனுப்பினேன்.

பத்தாவது வருஷம்
பாலினகோர் ஊர்க்குழுவிலிருந்து அழைப்பு.
நினைவுக்கல் திறப்பு. தேநீர் உண்டு.
பேச்சு ஐந்து நிமிடத்துக்கு மிகாமல்.

மழை. பள்ளிக்கூடத்து இசைக்குழுவில்
தகரக் குழல்களுக்குள் தண்ணீர்.
துணியை விலக்கினார்கள்.
சுண்ணாம்புக்கல்லில் ஒரே ஒரு பெயர்:
ஓனா டிவான், 1847.

பாஸ்டனிலிருந்து வந்திருந்த ஒருவர்
தடாலென்று மண்டியிட்டார்.
எங்கள் வம்சத்துப் பெண், இத்தனை நாள் தேடினேன் என்றார்.
எழுந்தபோது முழங்கால்களில்
இரண்டு வட்டமாகச் சேறு.
அதைத் துடைக்க வேண்டாம் என்று மனைவியின் கையைத் தடுத்தார்.

செயலாளர் கொன்லெத் ஃபலனை
ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னேன்:
அப்படி ஒருத்தி இல்லை. நான்தான் கட்டினேன்.
குடைக்கம்பியிலிருந்து சொட்டுவதையே பார்த்தவர் கேட்டார்,
"பதினாலு பேர் செத்தது பொய்யா?"
இல்லை.
"அப்ப மிச்சம் பதிமூணையும் எழுதிக் குடுங்க.
கல்லுல இடம் விட்டிருக்கோம்."

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.
அந்தச் செவ்வாய்க்கிழமை
நூலக வாசலில் என் காரை மறித்துக்கொண்டு நின்றது
ஒரு ரொட்டி வேன்.
பக்கவாட்டில் மஞ்சள் எழுத்து:
டிவான் அண்ட் சன்ஸ். தினமும் புதிது.
ஓனா என்பது
தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த பெண்ணின்
சட்டைப் பட்டையில் இருந்தது.
பின்கதவு திறந்திருந்தது. சூடான வாசனை.
நான் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லின் கீழ்ப்பாதி
இன்னும் வழவழப்பாகத்தான் இருக்கிறது.
கடைத்தெருவில் போகும்போது
பெயர்ப்பலகைகளை நிமிர்ந்து பார்ப்பதில்லை நான்.