நேரில் வரவேண்டும்

குணசீலனோடு வேலைபார்க்கும் ஹுவீ லிங்
லீட்ஸில் படித்துவிட்டுத் திரும்பியவள்.
சிரித்தே செத்துவிடுவீர்கள் என்று
கட்டைவிரல் நீள டிரைவ் ஒன்றைக்
கொடுத்தனுப்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை இரவு, உட்லண்ட்ஸ்,
பன்னிரண்டாம் மாடி, மின்விசிறி மூன்றில்.
நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் ஊர்.
மழை.
நம் மழைபோல் அடித்துவிட்டுப் போவதில்லை,
கடன்காரனாய் வாசலிலேயே நிற்கிற மழை.
ஒரு கவுண்டர். கண்ணாடிக்குப் பின்னால்
வாயைத் தைத்துவைத்த மாதிரி ஒரு குமாஸ்தா.
கறுப்புத் தொப்பியில் ஒரு விதவை
மரணச் சான்றிதழ் கேட்கிறாள்.
"இறந்தவர் கையெழுத்து இல்லையே, மேடம்."
"அவர் இறந்துவிட்டார்."
"அதைத்தான் அவர் உறுதிப்படுத்தவேண்டும்."

சிரிப்பு.
எங்களுடையது இல்லை.
கட்டுச்சோறு மாதிரி
சிரிப்பையும் அவர்களே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அடுத்து, புருஷனைத் தள்ளுவண்டியில் வைத்து
இழுத்து வருகிறாள். ஒரு காலில் செருப்பில்லை.
விறைத்த விரல்களுக்குள் பேனாவைச் செருகி,
அவன் கையைப் பிடித்து எழுதவைக்கிறாள்.
குமாஸ்தா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான்.
"நீல மையா?"
யாரோ அங்கே மூச்சுத்திணறச் சிரித்தது
இங்கே சோபாவரை கேட்டது.

குணசீலன் நிறுத்தினான்.
வரி அலுவலகக் கடிதம் வந்தால் வருகிற முகம்.
"அவ க்யூ நம்பர் எடுத்தாளா?"
"என்னது?"
"நம்பர் எடுக்காம நேரா கவுண்டருக்குப் போயிட்டா.
படிவத்துல கறுப்பு மைன்னு போட்டிருந்தா
கறுப்பு மைதான். அந்த ஆள்மேல என்ன தப்பு?"

இருபத்திரண்டு வருடம் கண்ணாடிக்குப் பின்னால்
உட்கார்ந்திருக்கிறவன்.
நான் அவனுடைய பனியனால் வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஹுவீ லிங் கேட்டாளாம்,
எது பிடித்தது என்று.
"அந்த மழை" என்றிருக்கிறான்.

செப்டம்பரில் மாமனார் போனார்.
புளோக்கின் கீழே ஒரு பகல், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள்,
பிறகு மண்டாய்.
எல்லாம் முடிந்தபிறகும் முடியாமல் இருந்தது
அவருடைய கைபேசி எண்.
மாதம் பதினெட்டு வெள்ளி.

கடைத்தொகுதியின் மூன்றாம் மாடி.
நம்பர் எடுத்தோம். நாற்பத்தேழு.
கவுண்டரில் பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பையன்,
வேலைக்கு வந்து இரண்டு வாரம் இருக்கலாம்.
"லைனை மூட, கணக்குக்காரர் நேரில் வரவேண்டும், அங்கிள்."
"அவர் இறந்துட்டார்."
"சாரி அங்கிள்." உண்மையாகவே சொன்னான்,
காதெல்லாம் சிவந்து.
பிறகு திரையைப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.
"சிஸ்டம் விடமாட்டேங்குது.
வரமுடியலன்னா... அவரே கையெழுத்துப் போட்ட
ஒரு கடிதம் இருந்தாக்கூடப் போதும்."

குணசீலன் என்னைப் பார்த்தான்.

முதலில் மூக்கில்தான் வந்தது, தும்மல்போல.
அப்புறம் தோள். அப்புறம் கவுண்டர்மேல் உள்ளங்கை,
பட், பட் என்று.
சாவு வீட்டில் ஒரு சொட்டு விடாதவனுக்கு
கண்ணிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.
நாற்பத்தெட்டாம் நம்பர்க்காரி
மகளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.
"அங்கிள் ஓகேவா?" என்றான் பையன் என்னிடம்.
நான் அவனைத்தான் கேட்டேன்,
"கறுப்பு மையா, நீல மையா?"
அவன் பாவம்,
மேலாளரைக் கூப்பிடப் போய்விட்டான்.

மேலாளர் வந்தார், இறப்புச் சான்றிதழைப் பார்த்தார்,
ஐந்து நிமிடத்தில் மூடிக்கொடுத்தார்.

மின்படியில் இறங்கும்போது கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டான்,
"அந்த டிரைவ்ல இன்னும் எத்தனை இருக்கு?"

அன்றிரவு அவனே போட்டான்.
ஒரு சவப்பெட்டி, தவறான வீட்டு முகவரி,
அதே மழை.
ரிமோட்டைத் தேடினான்.
"சத்தத்தைக் குறை.
அவங்க சிரிக்கிறது இடைஞ்சலா இருக்கு."