வழுவமைதி

பரோயே தீவுகளில், கிளாக்ஸ்விக் துறைமுகத்தில், மழை
மேலிருந்து கீழே பெய்வதில்லை.
பக்கவாட்டில் வந்து கதவைத் தட்டும்.
சால்மன் பண்ணையின் கரைக் கொட்டகையில்
ரன்வாவுக்கு இரவுப் பணி:
பதினான்கு கூண்டுகள், பதினான்கு ஆக்சிஜன் எண்கள்.
எதுவும் சரியாத வரை
பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

ஆகவே மேசையில் இன்னொரு கணினி.
தம்பி ஹானுஸின் படகில் ஏழு வருடம் கிடந்து
டீசல் வாடை ஏறியது;
கீல் உடைந்த திரைக்கு முட்டு
ஒரு காலித் தீவன டப்பா.
அதற்குள் இப்போது, இன்று காலை இறக்கிய
லினக்ஸின் முன்வெளியீடு.

நான்காம் முறையாக நிறுவுகிறாள்.
மொழி. நேர வலயம். விசைப்பலகை: பரோயே.
வட்டைப் பூட்டவா? பூட்டு.
கடவுச்சொல்லின் கடைசியில் அவள் வைத்தது
'சொல்' என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லை.
மூன்றே எழுத்து. காதில் விழுவது 'ஓர்' மட்டும்.
மூன்றாம் எழுத்து
கூன் விழுந்த முதுகில் ஒரு கீறலோடு நிற்கும்,
அங்கே அதற்கு உயிருமில்லை மெய்யுமில்லை,
யாரும் உச்சரிப்பதில்லை;
எழுதாமல் விட்டால் பள்ளியில் மதிப்பெண் போகும்.

முடிந்தது என்றது நிறுவி. வாழ்த்தும் சொன்னது.
மறுதொடக்கம்.
கறுப்புத் திரை கடவுச்சொல் கேட்டது.
தவறு.
இம்முறை மெதுவாக, ஒற்றை விரலால்.
தவறு.
பூட்டும்போது அவள் மொழி தெரிந்திருந்த விசைப்பலகைக்குத்
திறக்கும்போது அமெரிக்கா மட்டும்தான் தெரிகிறது.
நட்சத்திரக் குறிகளின் மறைவில்
கடைசி எழுத்தின் இடத்தில் விழுவது ஓர் அடைப்புக்குறி,
எங்கேயும் திறக்காத ஒன்றின் மூடல்.

எழுதினாள்:
செய்தது இது. எதிர்பார்த்தது இது. நடந்தது இது.
கோபத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
கைபேசியில் எடுத்த படத்தை இணைத்தாள்,
கறுப்புத் திரையில் அவள் முகமும் விழுந்திருந்தது.

விடிவதற்குள் மாரிபோரிலிருந்து பதில்:
"என்னிடம் நடக்கவில்லை. மூடுகிறேன்."
நீ என்ன கடவுச்சொல் வைத்தாய்?
"ஒன்று இரண்டு மூன்று நான்கு."

ஏழாம் கூண்டில் ஆக்சிஜன் இறங்கியது.
ஓடிப்போய்க் காற்றுக்குழாயின் வால்வைத் திருகி,
நனைந்து வந்து, மறுபடி திறந்தாள்,
வட்டை அல்ல, அறிக்கையை.

"அந்த எழுத்தில்லாமல் சமாளிக்கலாமே,
எத்தனை பேர்தான் எழுதுகிறீர்கள்?"
"ஒரு பெரிய கால்பந்து மைதானம் நிறையும்.
அது கிடக்கட்டும், உன் பெயரை
முழுதாக ஒருமுறை எழுது, பார்க்கிறேன்."

அவன் பெயரின் முதல் எழுத்துக்கு
உச்சியில் ஒரு சிறு கொக்கி உண்டு.
(தமிழில் எனக்கும் அந்த எழுத்து அகப்படவில்லை;
ஜிகா என்று வைத்துக்கொள்ளுங்கள்.)
பதினாலு வயதில், முதல் மின்னஞ்சல் கணக்கு தொடங்கிய அன்று
செல்லாத எழுத்து என்று சிவப்பில் வந்தது.
அன்று கழற்றியவன்தான்.

இரண்டு மணிநேரம் சத்தமே இல்லை.
பிறகு ஒரு வரி:
"நானும் இப்போது வெளியேதான் நிற்கிறேன்."
நிலை: உறுதி செய்யப்பட்டது.

வெளியீட்டுக்கு மூன்றே நாள்.
இனித் திருத்த முடியாது என்று மேலே இருப்பவர்கள்
குறிப்புகளின் அடியில் ஏற்றினார்கள்:
அறிந்த வழு. ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்தவும்.
நம் இலக்கணக்காரர்கள் என்றால் இதற்கு
வழுவமைதி என்று மரியாதையாகச் சொல்லி
அடுத்த சூத்திரத்துக்குப் போயிருப்பார்கள்.

ரன்வா போகவில்லை.
அந்த வரியின் மேலேயே ஒரு வழு அறிக்கை எழுதினாள்:
செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது.
'எனக்கும் இதே' என்று முதல் ஆளாக
அதன் கீழே வந்து நின்றது
கொக்கி வைத்த ஒரு பெயர்.

ஐந்தாம் முறையாகப் பென் டிரைவைச் செருகினாள்.
மழை மறுபக்கக் கதவுக்கு மாறியிருந்தது.